வாளியைத் தொடாமல் மழை கேட்கிற மருமகனுக்கு

வாரும் மருமகனே. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, இன்னைக்கும் உள்ளுக்குள்ள ஒண்ணும் நடக்கல. மவுனத் தியானத்துக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து ஒரு அறையவே ஒதுக்கிட்டீராம். பாயி, மெழுகுதிரி, மணி பார்க்க செல்போனு. கதவைச் சாத்திக்கிட்டு செபம் பண்ணுன்னு சேசுநாதர் சொன்னது வாஸ்தவம்தான். செல்போனையும் உள்ள கூட்டிட்டுப் போகச் சொன்னாரான்னுதான் எனக்கு ஞாபகம் இல்ல.

கண்ணை மூடினா பராக்காவே வருதுன்னு அழுவுதீரு. கடன்காரன் வாரான், வரப்பை வெட்டுன பங்காளி வாரான். வேற யாரு வே வருவா? நாள் பூரா அவனுகளத்தான மனசுல குடிவச்சிருக்கீரு.

அவிலா தெரேசம்மாளைத் தெரியும்லா? ஸ்பெயின் தேசத்துக்காரி, 1515-ல பொறந்தவ. அப்பன் சம்மதம் இல்லாமலே 20 வயசுல கார்மேல் மடத்துக்கு ஓடிப்போனவ. அம்புட்டு ஆசையாப் போனவ, செபத்துல உட்கார்ந்தா மணி எப்போ அடிக்கும், எப்போ எந்திரிக்கலாம்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்திருக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா. கையில புஸ்தகம் இல்லாம செபத்துக்கு உட்காரவே அவளுக்குப் பயம். நான் கட்டிவிடல வே, தன் சரித்திரத்துல அவளே எழுதி வச்சிருக்கா. அவளைத்தான் 1970-ல ஆறாம் பவுல் பாப்பரசர் திருச்சபைக்கே மறைவல்லுநர்னு அறிவிச்சாரு. அந்தப் பட்டத்துக்கு அவதான் முதல் பொம்பளை. உமக்கு ரெண்டு மாசத்துல மோட்சம் தெரியணுமாக்கும்?

செபத்தை அவ தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற சோலியாப் பார்த்தா. அங்கதான் எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. முதல்ல வாளியப் போட்டுக் கையால இறைக்கணும். இடுப்பு ஒடிஞ்சிரும். அடுத்து சக்கரம் வச்சு இறைக்கது. பாடு கொஞ்சம் குறையும். மூணாவது, ஆத்துத் தண்ணி வாய்க்கால்ல தானா வந்து பாயும். நாலாவது மழை. மழையில உமக்கும் எனக்கும் என்ன சோலி? நனைய வேண்டியதுதான். ஆனா அது ஆண்டவர் பெய்யவிட்டாத்தான். வாளியத் தொடாதவன்தான் மழை எங்க, மழை எங்கன்னு வானத்தைப் பார்த்துக்கிட்டுத் திரியுதான்.

கிணறே வத்திப் போனா? அதுக்கும் வழி சொல்லியிருக்கா. நீரு பாட்டுக்கு வாளிய இறக்கிக்கிட்டே இரும், தண்ணியில்லாமலே செடியக் காப்பாத்த தோட்டத்துக்கு உடையவருக்குத் தெரியும்ங்கா. எனக்கு இதுல கொஞ்சம் பொறாமைதான். நம்ம கிணறு வத்துனப்போ வாழைய யாரு காப்பாத்துனா?

அது கிடக்கட்டும். முந்தாநாள் செபத்துல வெளிச்சம் தெரிஞ்சுதுன்னீரே, அந்நேரம் தெருவுல கரண்டு வந்துது வே.

தெரேசம்மா ஆத்துமத்தை ஏழு கட்டுக் கோட்டையா வச்சு 1577-ல ஒரு புஸ்தகம் எழுதுனா. அதுல அஞ்சாவது கட்டுலதான் உம்மைப் பிடிக்கா. கொஞ்சம் அசைஞ்சாலும் பக்தி சிந்திப் போயிருமோன்னு முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கவங்களக் கண்டா அவளுக்கு ஆகாது. சீக்காளி ஒருத்தி கிடந்தா, பக்தியப் போட்டுட்டு எந்திரிச்சுப் போய்ப் பாருங்கா. தேவைப்பட்டா நீ பட்டினி கிடந்து அவளுக்குச் சோறு போடுங்கா.

நேத்து உங்க அம்மை, முட்டு குடையுதுன்னு கதவைத் தட்டுனாளாமே? நீரு மவுனத்துல இருந்தீராம்.

நாளைக்கும் உட்காரும், வேண்டாம்னு சொல்லல. பராக்கு வந்தா வரட்டும், மணி அடிக்காம எந்திரிக்காதீரும். எங்க அக்கா கூப்பிட்டா மட்டும் எந்திரியும். ஆமா, தைலக் குப்பி எந்த அலமாரியில இருக்குன்னாவது உமக்குத் தெரியுமா?