விரல் விட்டு எண்ணுனா மானம் போயிருமாலே?

ஏலே பேராண்டி, மூணாங்கிளாஸ் பயலுக்குக் கணக்கு வரலன்னு வீட்டுல ஒப்பாரியாமே? ஒரு டியூசன், ஒரு அபாகஸ், போதாததுக்கு செல்போன்ல ஒரு ஆப்பு. பய விரல் விட்டு எண்ணுனான்னு கையிலயே ஒண்ணு போட்டியாமே? விரல ஆண்டவன் எதுக்குலே குடுத்தான், மோதிரம் போடவா?

பிரேசில்ல ரெசிஃபேன்னு ஒரு ஊரு. அங்க தெருவுல தேங்கா வித்த பிள்ளைகளச் சோதிச்சு 1985-ல எழுதியிருக்காக. யாவாரத்தோட யாவாரமா கேட்டா நூத்துக்கு 98 சரியாச் சொல்லுச்சாம். அதே கணக்க வெறும் எண்ணும் குறியுமாக் குடுத்தா 37தான். ராத்திரியில தலைய மாத்திட்டா வந்துச்சுக?

உன் பயலுக்கு 42-ல 17 போகலயாம். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு"ன்னு சொல்லிக் குடுக்கிய. யார்கிட்ட கடன், எப்பத் திருப்பிக் குடுக்கணும்னு அவன் கேட்டா முழிக்கிய. நியாயமான கேள்விதானே? ஈக்குச்சியப் பத்துப் பத்தாக் கட்டு. நாலு கட்டு, உதிரி ரெண்டு. ஏழு எடுக்கணும், உதிரி காணாது. ஒரு கட்ட அவுரு. உதிரி பன்னெண்டாச்சு. ஏழப் போக்கு, அஞ்சு. மிச்ச மூணு கட்டுல ஒண்ணப் போக்கு. இருபத்தஞ்சு! கட்ட அவுத்தம்லா, அதுதாம்லே உங்க கடன். இதக் கையால செஞ்சு பாக்காம தாள்ல கோடு போட்டா என்ன வெளங்கும்?

சர்க்கார் பள்ளிக்கூடத்துல 2022-லருந்து 'எண்ணும் எழுத்தும்'னு நடத்துதாக. அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு, பிள்ள நிக்குத எடத்துலருந்து தொடங்குதாக. உனக்கு அது கௌரவக் கொறச்சல். பய ஒண்ணாங்கிளாஸ் கணக்குல நிக்கான், நீ அஞ்சாங்கிளாஸ் புஸ்தகத்த விரிக்க.

பொறுமையாச் சொல்லிக் குடுத்தும் சில பிள்ளைகளுக்கு ஏறாது. எது பெரிய எண்ணுன்னே பிடிபடாது, நேத்துப் படிச்ச வாய்ப்பாடு இன்னைக்கு இருக்காது. டிஸ்கால்குலியாங்காக. சோம்பலும் இல்ல, மக்கும் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு. முறையாச் சோதிச்சு சான்று வாங்குனா பரிச்சைக்குக் கூடுதல் நேரமும் கேக்கலாம். "ஊரு என்ன சொல்லும்"னு நீ மறைக்க. ஊராலே வந்து பரிச்சை எழுதப் போவுது?

நாளைக்கே டீச்சரப் போயிப் பாரு. அபாகஸ் பீச இந்த மாசம் என்கிட்ட குடு, ஒரு தொடப்பக்கட்டு வாங்கியாரேன். அடிக்கதுக்கு இல்லலே, எண்ணுததுக்கு.