பரீட்சைக்கு வராது, உட்கார்!

ஒரு வகுப்பையே விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் இருப்பது லேசான காரியமல்ல. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் பல அதை வருடக்கணக்கில் செய்து காட்டின. வருகைப் பதிவேட்டில் பிளஸ் ஒன். பையன் கையிலோ பிளஸ் டூ புத்தகம். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் அரைத்தால் செண்டம் வராமல் எங்கே போகும்? வந்தது. பஸ் ஸ்டாண்டை மறைத்து பிளெக்ஸ் வைத்தார்கள். காட்டை விற்று ஃபீஸ் கட்டிய அப்பா அண்ணாந்து பார்த்துப் பூரித்தார்.

கணக்கில் லிமிட் என்றால் என்னவென்று பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருந்தது. அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது. ஆகவே அது அறிவும் கிடையாது. 'ஏன் சார்?' என்று எழுந்த பையனுக்குக் கிடைத்த பதில், 'அது பரீட்சைக்கு வராது, உட்கார்.' உட்கார்ந்தான். கணக்கில் 200-க்கு 200 வாங்கினான். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர் வைத்தான். பள்ளிக்கு அதிலென்ன வெட்கம்? விற்றது மார்க்கை, ரசீதும் கொடுத்தாயிற்று.

2017-ல் அரசு விழித்துக்கொண்டது. மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. அது நல்ல காரியம். பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. வைத்தியத்தின் அழகைப் பாருங்கள்: பாடம் நடத்தாமல் ஏமாற்றியது பள்ளி, தண்டனையாகப் பரீட்சை எழுத வேண்டியது பதினாறு வயதுப் பிள்ளை! பள்ளியின் அங்கீகாரத்தில் கை வைப்பதைவிட அதுதான் சுலபம் போலும். 2025-ல் அந்தப் பரீட்சையும் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். இனி விடுதிகளில் எந்தப் புத்தகம் திறக்கும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் மாணவர்கள் புத்தகத்தைக் கிழித்துத் தெருவில் வீசுகிறார்களாம். பண்பாடு கெட்டுவிட்டதென்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். விடியற்காலை எழுப்பி, நள்ளிரவு வரை அதே பக்கங்களை ஒப்பிக்க வைத்து, ஒரு மார்க் குறைந்தால் அதே புத்தகத்தால் மண்டையில் அடித்தவர்களுக்கு, பையன் அதைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூஜையறையில் வைக்க வேண்டுமாம்! பி.டி. பீரியடையும் லைப்ரரி பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராத பள்ளியில், அவன் பாடப்புத்தகம் தவிர வேறெதைத் தொட்டான்?

ஆனால் பள்ளி தோற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அன்றைக்குக் கிழித்து எறிந்தவன் அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் வாங்கவில்லை. இப்போது மகளுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன் கேட்டு வரிசையில் நிற்கிறான். முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகக் கேட்கிறான்: 'சார், இங்க ஹோம் ஒர்க் நிறையக் குடுப்பீங்கள்ல?'