கண்ணுக்குத் தப்பும் வெளிச்சம்: கேள்வி-பதில்

கேள்வி: அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்கிறது பாடப்புத்தகம். பிசியோதெரபி நிலையத்து அகச்சிவப்பு விளக்கோ செக்கச்செவேலென்று எரிகிறது. பொய் சொல்வது புத்தகமா, விளக்கா?

பதில்: இரண்டுமே இல்லை, விளக்கின் பெயர்தான் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுகிறது. அதனுள் இருப்பது பழைய குண்டு பல்பில் இருந்த அதே டங்ஸ்டன் இழை. சூடேறிய இழை குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை, அதாவது ஒளியலையின் அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவை, மட்டும் தேர்ந்தெடுத்து வீசுவதில்லை. அகன்ற பட்டை ஒன்றையே வீசுகிறது. மனிதக் கண் நன்றாகக் காண்பது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2,400 கெல்வின் வெப்பநிலையில் உள்ள இழையின் கதிர்வீச்சு, சூட்டை வைத்து உச்ச அலைநீளத்தைச் சொல்லும் வீன் விதிப்படி, 1,200 நானோமீட்டரை ஒட்டி உச்சம் தொடுவதால், அதன் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பாகவே வெளியேறுகிறது. எஞ்சிய சில விழுக்காட்டைப் பார்த்துவிட்டுத்தான் கண் 'விளக்கு எரிகிறது' என்று சான்றிதழ் வழங்குகிறது. சிவப்புக் கண்ணாடி நீலத்தையும் பச்சையையும் தடுத்துக் கண் கூசுவதைக் குறைக்கிறது. முதுகைச் சுட வைக்கும் வேலையில் பெரும்பங்கு அந்தச் சிவப்புக்கு அப்பால் வரும் கதிருடையது.

கேள்வி: அந்தச் சில விழுக்காட்டையும் வடிகட்டி, அகச்சிவப்பை மட்டும் வெளியே விட முடியுமா?

பதில்: 1860களிலேயே முடிந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றிய ஜான் டிண்டால், மின்வில் விளக்கின் கதிரைக் கார்பன் டைசல்பைடில் அயோடினைக் கரைத்த கரைசலின் ஊடே செலுத்தினார். கட்புலனாகும் ஒளியை முற்றிலும் விழுங்கிவிடும் அக்கரைசல் அகச்சிவப்பைப் பெரிதும் தடையின்றி விட்டுவிட்டது. அவ்வாறு வெளிவந்த கதிரை ஒரு புள்ளியில் குவித்தபோது, பார்வைக்கு வெறும் இருட்டாக இருந்த அந்த இடத்தில் காகிதம் பற்றி எரிந்தது. பிளாட்டினத் தகடு கனன்று ஒளிர்ந்தது. கார்பன் டைசல்பைடோ மிக எளிதில் தீப்பிடிக்கும் திரவம். அதை மின்வில் விளக்கின் முன்னால் வைத்த துணிச்சலைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

இன்று அவ்வேலையைச் சாயமேற்றிய கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் செய்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டியின் கீழ்விளிம்பில் ரிமோட்டின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் சிறு கறுப்புத் துண்டைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள்; அது மனிதக் கண்ணுக்குச் சுவராகவும், ரிமோட் பெரும்பாலும் பயன்படுத்தும் 940 நானோமீட்டர் கதிருக்குச் சன்னலாகவும் அமைந்த வடிகட்டியாகும். புகைப்படக் கலைஞர் விரும்பும் ஹோயா ஆர்72 வடிகட்டி 720 நானோமீட்டரை ஒட்டியே திறந்துவிடுவதால், அதனை விளக்கின் முன்னால் மாட்டினால் மங்கிய செம்மை கசிந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் கசிவும் வேண்டாமெனில் 850க்கும் மேற்பட்ட அலைநீளத்தில் திறக்கும் கண்ணாடியை நாட வேண்டும். அப்போது அகச்சிவப்பிலும் ஒரு பகுதி இழப்பாகும்.

கேள்வி: பரணில் கிடக்கும் பழைய கலர் பிலிமை வடிகட்டியாக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை, பிலிம் கலராக இருந்தால் மட்டும். கலர் பிலிமைக் கழுவும்போது அதிலுள்ள வெள்ளி நீக்கப்பட்டுச் சாயங்களே மிஞ்சுகின்றன. வெளிச்சம் பட்டு முழுவதும் கறுத்துப்போன ரோலின் முனையில் அச்சாயங்கள் காணும் ஒளியைத் தடுத்து, அகச்சிவப்பை வழிவிட்டு அனுப்புகின்றன. கறுப்பு-வெள்ளைப் பிலிமில் வெள்ளி தங்கிவிடுவதால் அது இரண்டையும் சேர்த்தே மறைத்துவிடும். இக்காரணத்தினாலேயே கிரகணத்தன்று கறுத்த கலர் பிலிமின் வழியே சூரியனைப் பார்ப்பது பேராபத்து: கண் கூசாது, விழித்திரை வெந்துபோகும். 1800ஆம் ஆண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்பைக் கண்டறிய வழிவகுத்ததும் இத்தகைய சிக்கலே. சூரியனைப் பார்க்கப் பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்தபோது, சிலவற்றில் வெளிச்சம் குறைந்தும் சூடு குறையாததை அவர் கவனித்தார்.

கேள்வி: 250 வாட் பல்பின் முன்னால் கறுப்புக் கண்ணாடியை ஒட்டினால் அது விரிசல் விடுகிறது. கண்ணாடி மட்டமா?

பதில்: கண்ணாடியை நொந்து பயனில்லை. தடுக்கப்படும் ஒளி மாயமாய் மறைவதில்லை. அது கண்ணாடிக்குள்ளேயே வெப்பமாகிறது. போதாக்குறைக்குப் பல்பின் சூடும் சேர, நடுப்பகுதி விரிந்து விளிம்பு விரியாமல் நிற்கும்போது கண்ணாடி பிளக்கிறது. இடைவெளி விட்டுக் காற்றோட்டத்துடன் பொருத்துவது ஒரு வழி. ஒளியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பி, அகச்சிவப்பை மட்டும் ஊடுருவ விடும் மெல்லிய பல்லடுக்குப் பூச்சுக் கண்ணாடியை, அதாவது குளிர் ஆடியை, முன்னால் வைப்பது இன்னும் சிறந்த வழி.

கேள்வி: சிசிடிவி கேமராவைச் சுற்றி இரவில் செம்புள்ளிகள் தெரிகின்றன. திருடனுக்குத் தெரியாமல் செய்ய இயலாதா?

பதில்: இருட்டில் படம்பிடிக்க 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி.யை வைத்துக்கொண்டு ஒளிந்திருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதைதான். 940க்கு மாறினால் புள்ளி மறையும். ஆனால் கேமராவின் சிலிக்கான் உணரி அங்கே மந்தமாவதால் காட்சியெட்டும் தொலைவு சுருங்கும்.

கேள்வி: தெரியாத ஒளி கண்ணுக்குத் தீங்கற்றதுதானே?

பதில்: கண்ணின் தற்காப்பு முழுவதும் வெளிச்சத்தை நம்பியே இயங்குகிறது, பளிச்சென்று ஒன்று பட்டால் பாவை சுருங்குகிறது, இமை மூடுகிறது, தலை திரும்புகிறது. காணும் ஒளியை வடித்துவிட்டால் இம்மூன்றும் நிகழாமல் போவதுடன், இருட்டில் பாவை அகலத் திறந்து கதிரை வரவேற்கவும் செய்கிறது. உலைக்களத்தின் முன்னால் ஆண்டுக்கணக்கில் நின்ற கண்ணாடித் தொழிலாளருக்கு விழிவில்லை மங்கிக் கண்புரை ஏற்பட்டதை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். எனவே வடிகட்டி மாட்டிய சக்திமிக்க விளக்கு எரிகிறதா என்று அறிய அதனருகே குனிந்து பார்க்க வேண்டாம். கைபேசியின் முன்பக்கக் கேமராவை அதன் பக்கம் திருப்பினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.