அசையாதே கண்ணு!

அமெரிக்காவில் 'ஏபிசிடி' என்றோர் ஆய்வு. பெயரைப் பார்த்துப் பாலர் வகுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 12,000 பேரை 2016 முதல் சேர்த்து, மூளை வளரும் விதத்தைப் பத்தாண்டு பின்தொடரும் பெரும் வேலை.

கட்டுரை எழுதுவது பேராசிரியர். பிள்ளையை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுக்க வைப்பது ஆய்வு உதவியாளர். படித்தது நரம்பியல், பார்ப்பது தாஜா உத்தியோகம். முதலில் பொய் ஸ்கேனரில் ஒத்திகை. கடகடவென்ற சத்தம்கூட உண்டு, காந்தம்தான் இல்லை. "மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது, சரியா?" என்று சொல்லி முடிப்பதற்குள் அரிக்கத் தொடங்கிவிடும். (சொல்லாமல் இருந்திருந்தால் அரித்திருக்காது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, நிதி எதுவும் பெறாதது.) தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும்.

அப்புறம் எச்சில் சேகரிப்பு. விழுந்த பால் பல்லையும் கேட்டு வாங்கினார்கள். தலையணைக்கடியில் வைத்த பல்லுக்குத் தேவதை காசு தரும் ஊரில், உதவியாளர் தேவதைக்கே போட்டி வியாபாரி.

இந்த உதவியாளர்களில் பலர் இரண்டொரு ஆண்டில் மேற்படிப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்தாண்டும் இருக்க வேண்டியது பிள்ளைதான்.