மூச்சு விட்டா போதுமாலே?

ஏலே பேராண்டி, ராத்திரி ரெண்டு மணிக்குத் திண்ணையில உக்காந்து "அத்தனை பாடும் ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு"ன்னு போன்ல கத்துனியே, தாத்தா தூங்குதாருன்னா நெனச்சே? கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு விடாமக் கேட்டேன். மூணு வருசமா லீவுக்கு லீவு உன் பேச்சைக் கேக்கேன். ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தா நானும் பெங்களூருக்கு பஸ் ஏறிருவேன்.

புரோகிராமுகளை ஓட்டுற உங்க குபர்நெட்டீஸ்ல, அதுகளைச் சொமக்குற எந்தப் பாடுக்கும் நிலையான வீடு கிடையாதாம்லா. ஒண்ணு போனா இன்னொண்ணு மொளைக்கும், வேற ஐ.பி.யோட. இதுல என்னலே அதிசயம்? ஆட்டுக்கிடைக்காரன் இன்னைக்கு ஒரு புஞ்சை, நாளைக்கு ஒரு புஞ்சை. அவன் விலாசத்தைச் சொவத்துல எழுதி வைக்கவா முடியும்? டீக்கடையில கேட்டுத்தான் போகணும். அதுக்குத்தான் நீங்க சர்வீஸ் டிஸ்கவரின்னு பேரு வச்சுச் சம்பளம் வாங்குதீக. டீக்கடைக்காரன் முந்தாநாள் சங்கதியைச் சொன்னா, நீ வெறும் புஞ்சையிலதான் போயி நிப்பே.

சரி, ஹெல்த் செக்குக்கு வா. பத்து செகண்டுக்கு ஒருக்கா "இருக்கியா?"ன்னு கேக்கும், ஒரு செகண்டுக்குள்ள பதில் வரணும், மூணு தடவை வராட்டி ஆளைக் கொன்னுட்டுப் புதுசா எழுப்பும். நீ ஒண்ணும் மாத்தலைன்னா கணக்கு இதுதான். இதுல லைவ்னஸ் வேற, ரெடினஸ் வேற. எப்படின்னு உன் சித்தப்பனைப் பாத்தாலே தெரியும். காலையில கூப்பிட்டா "ம்"ம்பான். மூச்சு இருக்கு, லைவ்னஸ் பாஸு. மம்பட்டியைத் தூக்குடான்னா "இந்தா வாரேன்"ம்பான். ரெடினஸ் பெயிலு. அதுக்காக அவனைக் கொல்லவா செய்யுதோம்? வேலைக்கு ஆள் எண்ணுறப்ப விட்டுட்டு எண்ணுதோம். எந்திரிச்சா சேத்துக்கிடுதோம்.

நீ என்ன செஞ்சே? டேட்டாபேஸ் பதில் சொல்லுதான்னு பாக்குற வரியைக் கொண்டுபோயி லைவ்னஸ்ல சொருகி வச்சிருக்கே. டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவாச்சு, பன்னெண்டு பாடையும் வெட்டிச் சாய்ச்சுட்டுது. வெறகு வரலைன்னு சமையக்காரரை வெரட்டுனா, அடுத்து வார சமையக்காரரு வெறகையுமா தலையில கட்டிக்கிட்டு வருவாரு? போதாக்கொறைக்கு, புதுசா எந்திரிச்ச பன்னெண்டும் ஒரே நேரத்துல டேட்டாபேஸ் மேல போயி விழுந்து, இருந்த கொஞ்ச மூச்சையும் நிறுத்திட்டுது. படிச்ச பிள்ளை!

உன்னை மட்டும் சொல்லக்கூடாது. 2021 அக்டோபர் 4, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல உன் ஆச்சிக்கு வாட்ஸ்அப்ல குட்நைட் படம் வராம, "பிள்ளைக்கு என்னாச்சோ"ன்னு வீட்டையே ரெண்டாக்குனாளே, ஞாபகம் இருக்கா? பராமரிப்பு வேலையில போட்ட ஒரு கட்டளை, ஃபேஸ்புக் டேட்டா சென்டர்களை இணைக்கிற வலையையே அறுத்துப்போட்டுது. டி.என்.எஸ். சர்வருக நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டேட்டா சென்டரோட பேச முடியலைன்னா தனக்குத்தான் சீக்குன்னு முடிவு கட்டி, இணையத்துக்கு வழி சொல்றதை நிறுத்திக்கிடணும்னு அதுகளுக்குச் சட்டம். எல்லாம் ஒரே சமயத்துல சட்டப்படி நடந்துச்சு. ஆறு மணி நேரம் போல ஃபேஸ்புக்குக்கு உலகத்துல விலாசமே இல்ல.

நெட்ஃபிளிக்ஸ்காரன் 2012லேயே கொஞ்சம் யோசிச்சிருக்கான். யாரு எங்க இருக்காகன்னு அவன் வச்ச யுரேகாங்கிற பேரேட்டுல ஒவ்வொருத்தனும் முப்பது செகண்டுக்கு ஒருக்கா "இருக்கேன்"னு சொல்லணும். தொண்ணூறு செகண்டு சத்தம் இல்லைன்னா பேரை அடிச்சிரும். ஆனா வரவேண்டிய குரல் நூத்துக்கு எம்பத்தஞ்சுக்குக் கீழே போச்சுன்னா அடிக்கிறதையே நிறுத்திரும். ஊரே ஒண்ணாச் செத்திருக்காது, நம்ம காதுதான் அடைச்சிருக்கும்னு ஒரு சந்தேகம். இந்தச் சந்தேகம் நம்ம பஞ்சாயத்துல ஒருத்தனுக்கும் வந்து நான் பாத்ததில்ல.

போ, அந்த வரியை லைவ்னஸ்ல இருந்து உருவு. இன்னொரு தடவை ரெண்டு மணிக்கு போன் வந்தா தொழுவத்துப் பக்கம் போயிப் பேசு. உன் தாத்தாவுக்கு ரெடினஸ் காலையில அஞ்சு மணிக்குத்தான்.