தொட்டி நிறையும் நேரம்

பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு ஆழ எல்லை 40 மீட்டர். நம்ம ஆளோ 200 மீட்டருக்குக் குறைந்த டைவ் வாட்சை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். குளிக்கப் போனால் மட்டும் கழற்றிப் பத்திரமாக பீரோவில் வைத்துவிடுவார்.

பட்ஜெட்டோ கைக்கடக்கம். நியாயமாகப் பார்த்தால் ஓரியன்ட் கமாசுதான் லாபம்: சஃபையர் கண்ணாடி, கையால் சாவியும் கொடுக்கலாம். மனசோ சீகோ எஸ்கேஎக்ஸ்007 மீது. 1996-இல் வந்த அதற்குச் சாவி கொடுக்க முடியாது, நொடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் வழியில்லை. தயாரிப்பை நிறுத்தினார்கள், உடனே அது காவியமாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது.

ஆட்டோமேட்டிக் என்றால் நாளுக்குச் சில நொடி முன்னே பின்னே ஓடும். மலிவான குவார்ட்ஸ் அதைவிட ஒழுங்கு. ஆனால் அதற்கு ‘ஆத்மா’ இல்லையாம். ஆத்மா உள்ளதோ சனி, ஞாயிறு பீரோவில் கிடந்தால் சுமார் 40 மணி நேரத்தில் மூச்சை விட்டுவிடும். திங்கள் காலை செல்போனைப் பார்த்து உயிர் கொடுப்பார்.

டைவ் வாட்சின் சுழல் வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். தவறித் தட்டினாலும் நீருக்கடியில் கழிந்த நேரத்தைக் குறைத்துக் காட்டாது. மோட்டார் போட்டதும் அதைத் திருப்பி வைக்கிறார். மொட்டைமாடித் தொட்டி வழிவது குறைந்திருப்பதாக வீட்டம்மாவே சொல்கிறார்.