திருகோணமலை வீதித் தோசை

ஹந்தானைத் தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்கு நாங்கள் இறங்குவது மாதத்தில் ஒரு நாள்தான், சம்பளம் போட்ட மறுநாள். 1974 பஞ்சத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கில் வயிறு நிரப்பிக்கொண்டிருந்த காலம். அப்பா எங்களைத் திருகோணமலை வீதியில் ஒரு சைவக்கடைக்குக் கூட்டிப்போவார். வாழையிலையில் தோசை, ஓரத்தில் செத்தல்மிளகாய்ச் சம்பல். அவர் சாப்பிடமாட்டார். பிளேன்ரீயை ஊதிக் குடித்தபடி, "மெதுவா தின்னு, யாரும் புடுங்கமாட்டாங்க" என்பார். அந்தத் தோசையின் ருசி பிறகு எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து கொட்டுகொடல்ல வீதி. கடைகளுக்கு நடுவே ஒரு கோபுர வாசல், தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள். கண்டிப் பெரஹரா திருவிழாவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்றான கதிர்காம தேவாலயம் அது. அப்பாவுக்கு அது முருகன் கோவில். பக்கத்தில் பூத்தட்டோடு நிற்கும் சிங்கள அம்மாவுக்கு அவர் கதிர்காமத் தெய்வம். கும்பிடுவது ஒரே சாமியை.

திருகோணமலை வீதி இப்போது டி. எஸ். சேனாநாயக்க வீதி. எங்கள் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். என்றாலும் அந்த வீதியில் தோசைக்கல் இன்னும் காய்கிறது. போன மாதம் பேத்தியோடு போய் உட்கார்ந்தேன். அவள் சம்பலை இரண்டாம் தடவை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வெளியூர்க்காரர்கள் தலதா மாளிகையையும், ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் அமைத்த ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவரைப் போன்ற நாயக்க மன்னர்களின் உறவினர்கள் குடியிருந்த மலபார் வீதி நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் காட்டுவதுமில்லை. கண்டியின் கதையில் பாதி இந்தச் சின்ன வீதிகளில் கிடக்கிறது என்பேன்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை அருங்காட்சியகம். அம்மா பறித்த கொழுந்து போய்ச்சேர்ந்த இடம் அது. இன்று அதன் மேல்மாடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

கண்டிக்கு வந்தால் டி. எஸ். சேனாநாயக்க வீதியில் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு ஹந்தானைக்கு ஏறுங்கள். தேநீர் குடித்ததும் திரும்பிவிடாதீர்கள், லயத்துப் பக்கமும் நடந்துபாருங்கள். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.